அந்தமான் பயணம்: கடைசி இரவிலிருந்து திட்டமிடுங்கள்

அந்தமான் போக முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ஹேவ்லாக் தீவில் நல்ல ரிசார்ட் ஒன்றைப் பிடித்து முன்பணம் கட்டுவது. அடுத்து விமானம். படகு பற்றிய நினைப்பு கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்புதான் வரும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைப் படகு நேரம், கடலின் ஏற்றவற்றம், ஐந்து மணிக்கே சாயும் பொழுது இந்த மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பயணத்தின் கடைசி இரவிலிருந்து பின்னோக்கி வந்தால் மிச்சமெல்லாம் தானாக அமையும். சென்னையிலிருந்து ஆறு இரவு போய்வரும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். நான்கு இரவுதான் கிடைக்கும் என்றால் ஒரு தீவை விட்டுவிடுங்கள், கடைசி இரவை மட்டும் விடாதீர்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது, ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் என்று பெயர் வைத்தார்கள். 2024 செப்டம்பரில் தலைநகர் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட் தளம் ஒன்றில் பழைய பெயர் இருக்கும், இன்னொன்றில் புதுப் பெயர் இருக்கும். ஸ்வராஜ் த்வீப்புக்கு ஒன்று, ஹேவ்லாக்குக்கு ஒன்று என்று இரண்டு படகு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், இரண்டும் ஒரே இடம். விமான நிலையத்தின் குறியீடு பழையபடி ஐஎக்ஸ்இசட்தான். படகுத்துறையிலும் ஆட்டோவிலும் எல்லோரும் பழைய பெயரையே சொல்வதால் இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

எந்த மாதம்?

ஜனவரி பாதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை கடல் அமைதியாக இருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். பவளப்பாறை பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மே மாதம் நம் ஊர்ப் பள்ளி விடுமுறையோடு பொருந்தும், ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும். வழக்கமாக மே மூன்றாவது வாரத்தை ஒட்டி. அதனால் மே முதல் பாதிக்குள் போய்த் திரும்பிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை அறை வாடகை இறங்கும், அதை நம்பிப் போனால் கடல் கொந்தளிப்பில் படகு ரத்தாகி நாட்கள் அறையிலேயே கழியலாம்.

நவம்பரும் டிசம்பர் முதல் பாதியும் பலர் கவனிக்காமல் விடும் ஆபத்து. சென்னையை நோக்கி வரும் புயல்களில் சில அந்தமானை ஒட்டிய கடலில்தான் பிறக்கின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்குவதற்குச் சில நாட்கள் முன்பு, அது காற்றழுத்தத் தாழ்வாக அந்தமான் பக்கம் இருந்தபோதே படகுகள் நின்றுபோய், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் அதிகமான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. அந்த மாதங்களில் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். போனால் திரும்பும் தேதியைப் பணம் இழக்காமல் மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல்வரை வானிலை தேறிவிடும், கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும்.

பொழுது ஐந்து மணிக்குச் சாயும்

அந்தமானிலும் கடிகாரம் இந்திய நேரம்தான். அந்த நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்பட்டது. போர்ட் பிளேரோ ஏறக்குறைய 92.7 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், கடிகாரம் காட்டுவதைவிட 40 நிமிடம் முன்னால் சூரியன் ஓடுகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் 50 நிமிட வித்தியாசம். டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டி அஸ்தமனம், மே மாதத்தில் விடியற்காலை 5 மணிக்கெல்லாம் பளிச்சென்று வெயில்.

இதைக் கணக்கில் எடுக்காதவர்கள் ஹேவ்லாக்கில் உள்ள ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க ஐந்தரைக்குப் போய் இருட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் மூன்றரைக்குள் கடற்கரையில் இருங்கள். காலை உணவு எட்டு மணிக்கு, வெளியே கிளம்புவது பத்து மணிக்கு என்ற விடுமுறைப் பழக்கத்தை அங்கே கொண்டுபோனால் வெளிச்சத்தில் பாதி போய்விடும். ஐந்தரைக்கு எழுந்து, ஒன்பதரைக்குள் பாதி ஊரைப் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் தூங்கி, மூன்று மணிக்கு மறுபடி கிளம்புவதுதான் அந்த ஊருக்குப் பொருந்தும்.

படகு: முதலில் பிடிக்க வேண்டிய சீட்டு

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஒரு மணி நேரத்துக்குள் அல்லது சற்றுக் கூடுதலாக. நீலிலிருந்து போர்ட் பிளேர் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இந்த முக்கோணத்தைத்தான் எல்லோரும் சுற்றுகிறார்கள். மேக்ரஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் படகுகளும் அரசுப் படகுகளும் ஓடுகின்றன. தனியாரில் மூன்று பயணமும் சேர்த்து ஓர் ஆளுக்குச் சுமார் 4,000 முதல் 5,500 ரூபாய்வரை ஒதுக்குங்கள். அரசுப் படகு மிகவும் மலிவு, ஆனால் சீட்டு சில நாட்கள் முன்புதான் திறக்கும், தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு. அது நியாயம்தான். அவர்களுக்கு அது நம் ஊர் டவுன் பஸ் மாதிரி, ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகிற வண்டி. குடும்பத்தோடு தேதி குறித்துப் போகிறவர்கள் தனியார் படகையே எடுப்பது நல்லது.

முன்பதிவு வரிசை இதுதான்: விமானத்தையும் படகையும் ஒரே உட்காரலில் பாருங்கள், இரண்டிலும் இடம் இருப்பதை உறுதி செய்துகொண்டு விமானத்தை எடுங்கள், உடனே படகை எடுங்கள், அறையைக் கடைசியாக எடுங்கள். அறை எப்போதும் ஏதாவது கிடைக்கும். படகில் ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் இடம் கிடைப்பதுதான் கடினம்.

போகும் நாளில் விமானம் தரையிறங்குவதற்கும் படகு கிளம்புவதற்கும் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். விமான நிலையத்திலிருந்து துறைமுகம் அரை மணிக்குள் போய்விடும் தூரம்தான். ஆனால் பெட்டி வர நேரமாகும், துறையில் ஒரு மணி நேரம் முன்னால் நிற்கச் சொல்வார்கள், பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் டிக்கெட்டோடு ஒப்பிடுவார்கள். டிக்கெட்டில் உள்ள பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தாத்தாவின் இனிஷியலை விரித்தும் சுருக்கியும் வேறுவேறாக எழுதிவிட்டு வாசலில் நிற்க வேண்டாம்.

இனி கடைசி இரவு. அதை எப்போதும் போர்ட் பிளேரில் வையுங்கள். ஏன் என்று பாருங்கள். கடல் சரியில்லை என்றால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்துவார்கள். டிக்கெட் பணம் திரும்ப வரலாம், ஆனால் மறுநாள் படகில் உங்களுக்கு இடம் இருக்காது. அது ஏற்கெனவே மறுநாள் பயணிகளால் நிரம்பியிருக்கும். ஒரு நாள் படகு நின்றால் அதன் விளைவு இரண்டு மூன்று நாள் நீளும் என்பது இதனால்தான். காலையில் ஹேவ்லாக்கில் படகேறி, மதியம் விமானம் பிடிக்கலாம் என்று போடும் திட்டம் பத்தில் ஒன்பது முறை பலிக்கும். பலிக்காத அந்த ஒரு முறை ஐந்து பேருக்குப் புதிதாக விமான டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

கப்பலில் போகலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து மாதம் சில முறை அரசுப் பயணிகள் கப்பல் உண்டு. ஏறக்குறைய மூன்று நாள் கடலில். போகவர ஆறு நாள் போய்விடும், தேதியும் முன்கூட்டி உறுதியாகத் தெரியாது. நேரம் தாராளமாக உள்ளவர்கள் ஒரு வழி கப்பல், ஒரு வழி விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வார லீவுக்கு அது ஒத்துவராது.

குமட்டல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகப் படகுகள் பல மூடிய ஏசி கூண்டு. நடுவழியில் காற்று வாங்க வெளியே போக முடியாது. நடுவிலும் பின்பக்கமும் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு, முன்வரிசை ஜன்னல் பார்க்க அழகு, ஆட்டம் அதிகம். போனைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலாவும் ஆகாது, இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதாக இருந்தால் ஒரு மணி, ஒன்றரை மணி முன்னால் போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. ஆவோமின் போன்ற மாத்திரை தூக்கம் வரவைக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வாருங்கள்.

கடல் ஏறும், வற்றும்

இதுதான் பயணத் திட்டங்களில் யாரும் எழுதாத பகுதி. சென்னைக் கடற்கரையில் ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி வற்றுவது, சிறிய அளவில்தான், அலையோடு அலையாகக் கண்ணில் படாமல் போய்விடும். அந்தமானில் அப்படியில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. கரை சரிவாக உள்ள இடத்தில் இரண்டு மீட்டர் பெரிதாகத் தெரியாது. தட்டையான பவளத்தரை உள்ள இடத்தில் கடல் நூறு, இருநூறு அடி உள்ளே போய்விடும்.

முழு ஏற்றத்திலிருந்து முழு வற்றத்துக்கு ஆறு மணி நேரமும் சில நிமிடங்களும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஒன்பதுக்கு வற்றம் என்றால் நாளை பத்துக்குச் சற்று முன்பு, நாளை மறுநாள் பத்தே முக்காலை ஒட்டி. போர்ட் பிளேருக்கான ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், நீலுக்கும் ஹேவ்லாக்குக்கும் அதுவே போதும். அட்டவணை இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது எங்கே உதைக்கும் என்றால், முதலில் ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில். விஜய்நகர், அதாவது ஐந்தாம் எண் கடற்கரை, கோவிந்த நகர், காலாபத்தர் எல்லாம் அந்தப் பக்கம். ரிசார்ட்டுகள் அதிகமாக இருப்பதும் இங்கேதான். படத்தில் அறை வாசலில் பச்சைத் தண்ணீர் நிற்கும். அந்தப் படம் ஏற்றத்தில் எடுத்தது. வற்றத்தில் அதே இடத்தில் சேறும், கூர்மையான செத்த பவளக் கல்லும், குழிகளில் தேங்கிய நீரும்தான் இருக்கும். நீந்த முடியாது. ஏமாற்று வேலை என்று கோபப்பட வேண்டாம், ஆறு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். மேற்குக் கரையில் உள்ள ராதாநகர், ஏழாம் எண் கடற்கரை, முழுக்க மணல். அதனால் அங்கே ஏற்றத்திலும் வற்றத்திலும் குளிக்கலாம். கிழக்கு விடியலுக்கு, மேற்கு அஸ்தமனத்துக்கும் குளியலுக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீல் தீவில் இது இன்னும் கூர்மை. அங்கே இரண்டு முக்கிய இடங்கள் எதிரெதிர் ஓதத்தைக் கேட்கின்றன. லட்சுமண்பூர் பக்கமுள்ள இயற்கைப் பாறைப் பாலத்தை வற்றத்தில்தான் பார்க்க முடியும். ஏற்றத்தில் அதற்குப் போகும் பாறைத்தரை முழுவதும் நீருக்குள் இருக்கும். படகுத்துறைக்குப் பக்கத்திலுள்ள பரத்பூர் கடற்கரைக்கு ஏற்றம் வேண்டும். வற்றத்தில் அங்கே பவளத்தரை வெளியே வந்துவிடும், கண்ணாடிப் படகு கரைக்கு வர முடியாது, முழங்கால் நீரில் நடந்தால் பவளத்தை மிதித்து உடைப்பீர்கள்.

காலை பத்து மணிக்கு வற்றம் என்றால் ஒன்பதரைக்குப் பாலம், மூன்று மணிக்குப் பரத்பூர். மதியம் மூன்றுக்கு வற்றம் என்றால் காலையில் பரத்பூர், இரண்டரைக்குப் பாலம். ஒரு முழுப் பகல் கையில் இருந்தால் இரண்டும் கிடைத்துவிடும். அதனால்தான் நீலில் ஓர் இரவு தங்கச் சொல்கிறேன். ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேர் திரும்பும் வழியில் நான்கு மணி நேரம் நீலில் இறங்கிப் பார்ப்பது என்ற ஏற்பாட்டில் இரண்டில் ஒன்று அநேகமாகப் போய்விடும்.

பாலத்துக்குப் போகும்போது வற்றம் உச்சத்தை அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள், உச்சத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். வழியெல்லாம் பாசி படர்ந்த பாறை. ஹவாய்ச் செருப்பு வழுக்கி வாரிவிடும், பின்வார் உள்ள ரப்பர் செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ வேண்டும். குனிந்து ஒரு குழியைப் பொறுமையாகப் பாருங்கள். கையகல நீரில் கரிய கடலட்டை ஒன்று அசையாமல் கிடக்கும், பாறைப் பிளவில் பதிந்த சிப்பி ஒன்று உங்கள் நிழல் பட்டதும் நீலமும் பச்சையுமான உதட்டை உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும், விரல் நீள மீன்குஞ்சு அடுத்த ஏற்றம் வரும்வரை அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். எதையும் கையில் எடுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், குழந்தைகள் அங்கிருந்து நகர மறுப்பார்கள்.

அமாவாசை இரவுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஹேவ்லாக்கில் சதுப்புநிலக் காட்டோரம் கயாக்கில் இரவு அழைத்துப் போவார்கள், துடுப்பு பட்ட இடமெல்லாம் நீர் நீலமாக ஒளிரும். நுண்ணுயிர்களின் ஒளி அது. நிலா இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க ஆசை என்றால் பயணத் தேதியையே பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறியுங்கள்.

ஸ்கூபா போகிறவர்கள் கவனத்துக்கு

பயிற்சி இல்லாதவர்களுக்கான அறிமுக டைவிங்கில் நீருக்கடியில் இருப்பது பொதுவாக அரை மணி நேரத்துக்குள்தான். மிச்ச நேரம் உடை, விளக்கம், ஆழமில்லாத நீரில் பயிற்சி. குறைந்தபட்ச வயது 10. அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை எல்லாம் கேட்பார்கள். பணம் கட்டிவிட்டோமே என்று எதற்கும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சளி பிடித்திருந்தால் போகவே கூடாது, காதும் மூக்கும் சேரும் குழாய் அடைத்திருக்கும்போது அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும், காது வலிப்பதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும். வலித்தால் ஊதி அழுத்தாதீர்கள். கையால் சைகை காட்டி, கொஞ்சம் மேலேறி, மறுபடி முயலுங்கள்.

சைகையில் ஒன்று முக்கியம். கட்டை விரலை உயர்த்தினால் நீருக்குள் அதற்கு ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பொருள் கிடையாது. ‘மேலே போக வேண்டும்’ என்று பொருள். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். பழக்கதோஷத்தில் கேமராவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கி, பாதியிலேயே மேலே கொண்டுவரப்பட்டவர்கள் நிறைய.

மீசை வைத்தவர்களுக்கு முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் கசியும். ரப்பர் விளிம்பு மேலுதட்டில் படிய வேண்டும், முடி நடுவில் நின்றால் படியாது. மூக்குக்குக் கீழே மீசையின் மேல்விளிம்பில் வாசலீன் தடவிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள முகக்கண்ணாடி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஸ்கூபாவும் விமானமும் அடுத்தடுத்து வரக்கூடாது. ஆழத்தில் சுவாசிக்கும்போது ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கூடுதலாகக் கரைகிறது. அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறி அழுத்தம் குறைந்தால் குமிழிகளாகிவிடும். மூட்டுவலியிலிருந்து பக்கவாதம்வரை போகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரம் விடுவது நிம்மதி. எனவே ஸ்கூபா ஹேவ்லாக்கில் இரண்டாம் நாளே முடியட்டும். அன்று கடல் சரியில்லை என்றாலும் மூன்றாம் நாள் கையில் இருக்கும். ஹேவ்லாக் முன்னால், நீல் பின்னால், போர்ட் பிளேர் கடைசி என்ற வரிசை இதற்கும் பொருந்துகிறது.

பவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிவியில் வரும் வண்ணங்களை எதிர்பார்த்து இறங்காதீர்கள். 2010-ல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது அந்தமானின் பவளங்கள் பெருமளவு வெளிறிச் செத்தன, இன்னமும் முழுதாக மீளவில்லை. ஆழமில்லாத இடங்களில் சாம்பல் நிறக் குவியல்களும் பார்ப்பீர்கள். அதற்கு நடுவே உயிரோடு இருப்பதைக் காலால் உதைக்காமல் பார்த்துவிட்டு வருவதற்குத்தான் இந்தக் கவனமெல்லாம்.

மற்ற இடங்கள்

செல்லுலார் சிறைக்கு அரை நாள் தேவை. 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். கட்டடத்தின் ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. ஒரு சிறகின் அறை வாசல்கள் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதை நின்று கவனியுங்கள். கைதி கைதியின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே போட்ட வரைபடம் அது. பகலில் அறைகளைப் பார்த்துவிட்டு மாலை ஒலி-ஒளிக் காட்சிக்குத் திரும்பி வாருங்கள். திங்கட்கிழமையையும் அரசு விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். ராஸ் தீவுக்கு எதிர்க்கரையிலிருந்து படகில் கால் மணி நேரம், வயதானவர்களுக்கு உள்ளே பேட்டரி வண்டி கிடைக்கும்.

வண்டூர் பக்கமுள்ள மகாத்மா காந்தி கடல்வாழ் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு தீவுகளைப் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறப்பார்கள். பவளத்துக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு அது. வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் உள்ளே விடமாட்டார்கள்.

பாராடாங் தீவு பற்றிக் கேட்பீர்கள். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் அங்கே உண்டு. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, குறித்த நேரத்துக்கு மட்டும் காவலோடு விடும் வண்டிக் கூட்டத்தோடு போக வேண்டும். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டை ஊடறுத்துப் போகிறது. வழியில் வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், சாப்பிட எதையாவது நீட்டுவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வெளியார் தொடர்பு அதிகமான பிறகு 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான நோய் அவர்களுக்குச் சாதாரணமானதில்லை. 2002-லேயே உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையின் அப்பகுதியை மூடச் சொன்னது, வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஜாரவா மக்களைப் பார்க்கலாம் என்று மறைமுகமாக ஆசை காட்டும் எந்த ஏஜென்டிடமும் டிக்கெட் வாங்காதீர்கள். என் கருத்தில், ஆறு நாள் பயணத்தில் பாராடாங்கை விட்டுவிடுவதே சரி.

கையில் இருக்க வேண்டியவை

ஹேவ்லாக்கில் ஏடிஎம் சில உண்டு, நீலில் இன்னும் குறைவு. சிக்னல் விட்டுவிட்டு வருவதால் யுபிஐயை மட்டும் நம்ப முடியாது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு இணையம் பெரிதும் தேறியிருக்கிறது, ஆனாலும் கடற்கரைக் கடையில் பணம் நோட்டாக வேண்டும். போர்ட் பிளேரிலேயே நூறும் ஐநூறுமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை ஸ்கூட்டருக்கு ஓட்டுநர் உரிமத்தின் அசலைக் கேட்பார்கள். நீலுக்கு சைக்கிளே போதும். ராதாநகருக்கு ஆட்டோவில் போனால் திரும்புவதற்கும் அதே ஆட்டோவைப் பேசி வையுங்கள், படகுத்துறையிலிருந்து 12 கிலோமீட்டர், இருட்டிய பிறகு வண்டி கிடைப்பது அரிது.

மணல் ஈ கடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, அடுத்த நாள்தான் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். விடிகாலையும் சாயங்காலமும் மணலில் நேராக உட்காராதீர்கள், கால்களில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள், ஈ அதில் ஒட்டிக்கொள்ளும். முழுக்கை நீச்சல் சட்டை ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் வெயிலுக்கும் பவளக் கீறலுக்கும் சேர்த்துக் காப்பு. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், உள்ளூர்க்காரர் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தாலும் இறங்காதீர்கள். 2010-ல் ராதாநகரை ஒட்டிய சிறு குடாவில் ஒரு பயணியை உவர்நீர் முதலை கொன்றிருக்கிறது.

மொழி கவலை வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் தமிழ் பேசுகிறவர்கள். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் இட்லியும் தமிழும் தாராளமாகக் கிடைக்கும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் வங்காளிகள் அதிகம், மீன் குழம்பும் சோறும் நன்றாக இருக்கும், சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்னமே சொல்லி வைத்தால் நீலில் விளைந்த காய்கறியிலேயே சமைத்துத் தருவார்கள்.

நீலை விட்டுக் கிளம்பும் காலையில், படகேறுவதற்கு முன்பு, குழந்தைகளின் பைகளையும் கால்சட்டைப் பைகளையும் கரையிலேயே கொட்டிப் பாருங்கள். வெள்ளை விரல் மாதிரி ஒரு பவளத் துண்டாவது இருக்கும். செத்த பவளமாக இருந்தாலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுத்துப் போவது குற்றம், விமான நிலைய ஸ்கேனரில் அது தெளிவாகத் தெரியும், பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். கடையில் வாங்கிய சிப்பிப் பொருள் என்றால் பில்லைப் பர்ஸிலேயே வையுங்கள், போர்ட் பிளேரில் அரசின் சாகரிகா கடையில் வாங்கினால் பில் பிரச்சினை இல்லை. பொறுக்கியதை எடுத்த இடத்திலேயே குழந்தைகள் கையாலேயே திரும்பப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிடம் சேர்த்து வைத்துக்கொண்டு அறையைக் காலி செய்யுங்கள்.